காமாலையில் இளைத்தவனின் ஷூ விளம்பரம்

கேமராவுக்கு முன்னால் நின்ற அந்தக் காலைப்பொழுதில் கிடைத்தது போன்ற ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரோ கட்டாயப்படுத்தினார்கள், தெரியாமல் மாட்டிக்கொண்டேன் என்றெல்லாம் சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். விரும்பித்தான் போனேன். முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு போனேன்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செருப்புக்கடை வைத்திருப்பவர் பிளஸ் டூவில் என்னிடம் இயற்பியல் படித்தவர். எங்கோ வடக்கே இருக்கும் ஒரு கம்பெனியின் ஃபிட்னஸ் ஷூவுக்குப் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் அவர்தான் ஏஜென்ட். அந்த ஷூவின் அடிப்பாகம் படகு மாதிரி வளைந்திருக்கும். அதைப் போட்டுக்கொண்டு நடந்தாலே தொப்பை கரையும், மூட்டுவலி போகும், வேறு உடற்பயிற்சியே வேண்டாம் என்று கம்பெனி சொல்லிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலை நடைக்குப் போன இடத்தில் அவர் என்னைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார்.

"சார், என்ன சார் இப்படி எளைச்சுட்டீங்க! மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க!"

எனக்கு மஞ்சள் காமாலை வந்து போயிருந்தது. கீழாநெல்லியும் மோர்சாதமுமாகப் படுத்துக் கிடந்ததில் உடம்பு பாதியாகிவிட்டது. பேண்ட் நழுவாமல் இருக்க பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தேன். கனம் குறைந்ததில் முழங்கால் வலியும் குறைந்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காமாலையை விட்டுவிட்டு முழங்காலை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"எங்க ஷூவப் போட்டுக்கிட்டு அத அப்படியே வீடியோவுல சொல்லிடுங்க சார். ஊர்ல பாதிப்பேரு ஒங்க ஸ்டூடண்ட்ஸ். மீதிப்பேரு அவங்களப் பெத்தவங்க. நீங்க சொன்னா பாடப்புத்தகத்துல அச்சடிச்ச மாதிரி."

"நான் அந்த ஷூவப் போட்டதே இல்லியேப்பா."

"இன்னிக்கிப் போட்டுக்குங்க. வீடியோ நாளைக்கித்தான?"

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பிலேயே நான் சம்மதித்துவிட்டேன்.

மறுநாள் கடையின் மாடியில் கரும்பலகை, விளக்கு, கேமரா எல்லாம் தயாராக இருந்தன. சாக்பீஸைக் கையில் எடுத்ததும் எனக்கு என்ன ஆனது என்றே தெரியவில்லை. வளைந்த அடிப்பாகத்தை வரைந்தேன். ஈர்ப்பு மையத்துக்கு அம்புக்குறி போட்டேன். கால் நிலையில்லாமல் ஆடுவதால் தசைகள் ஓயாமல் வேலை செய்கின்றன, அதனால் கொழுப்பு எரிகிறது, மூட்டின் மேல் பாரம் குறைகிறது என்று யாரும் எழுதிக் கொடுக்காத ஒரு விஞ்ஞானத்தை நானே அந்த இடத்தில் உண்டாக்கினேன். அது விஞ்ஞானமே இல்லை என்பது வரையும்போதே எனக்குத் தெரியும். ஒரு மாணவன் பரீட்சையில் அதை எழுதியிருந்தால் சுழித்துப் பூஜ்யம் போட்டிருப்பேன். ஆனால் கேமராக்காரர் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டே இருந்தார். என் வகுப்பில் ஒருவரும் அப்படி ரசித்துக் கேட்டதில்லை. கடைசியில், "நான் இளைத்தது இதனால்தான். என் முழங்கால் வலி போனதும் இதனால்தான்" என்று காலைத் தூக்கி ஷூவைக் காட்டினேன். ஒரு சால்வை போர்த்தினார்கள். ஷூ இலவசம்.

பிறகு வந்த நாட்கள் திருவிழா. உள்ளூர் கேபிளில் என் முகம். வாட்ஸ்அப்பில் என் குரல். நான்கு ரோட்டில் ஆள் உயர ஃபிளெக்ஸ். டீக்கடையில் உட்கார்ந்தால் யாராவது எழுந்து, "சார், சினிமாவுக்கு எப்ப?" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் நான் நுகர்வோர் மன்றத்துக்குப் பொறுப்பாசிரியராக இருந்தவன். விளம்பரத்தை நம்பாதே, விசாரித்து வாங்கு என்று பிள்ளைகளைக் கோஷம் போட வைத்தவன். அது அந்த நாட்களில் ஒருமுறை கூட என் நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்து உறுத்தியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. வரவில்லை.

அப்போதுதான் கீழப்பழுவூரிலிருந்து போன் வந்தது.

என் மகளைக் கீழப்பழுவூரில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை துபாயில் வேலை பார்க்கிறார். வீட்டில் என் மகளும் அவள் மாமியாரும்தான். சம்பந்தியம்மா கணவரை இழந்த பின் நிலத்தை ஒற்றை ஆளாகப் பார்த்து மகனை என்ஜினியராக்கியவர். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்த்து, கறந்து பார்த்து, அந்த மாடு இருந்த ஊருக்கே போய் நாலு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் கயிற்றைப் பிடிப்பார். அவருக்கு மூட்டுவலி.

மகள்தான் போன் போட்டுக் கொடுத்திருக்கிறாள். "சம்பந்தி, டீவில பாத்தனுங்க. ஒங்களுக்கு மஞ்சக்காமாலைல எளைச்சதுன்னு நெனச்சேன். ஷூவாலதானா? நெசந்தானா? சொல்லுங்க, ஒங்களக் கேட்டுட்டுத்தான் வாங்கணும்னு இருக்கேன்."

நான் டீக்கடையில் இருந்தேன். எதிரே நாலு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'இல்லீங்க, அது சும்மா விளம்பரம்' என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். வெளியே போய்ப் பேசியிருக்கலாம். அப்புறம் கூப்பிட்டும் சொல்லியிருக்கலாம்.

"நெசந்தாங்க சம்பந்தியம்மா. தைரியமா வாங்கிப் போடுங்க" என்றேன், நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி.

விளம்பரத்தில் சொன்னது ஊருக்குச் சொன்ன பொய். இது என்னை நம்பிக் கேட்டவருக்கு நேராகச் சொன்ன பொய். என் குற்றம் எது என்று யாராவது கேட்டால் இந்தப் போனைத்தான் சொல்வேன்.

அவர் வாங்கினார். புடவைக்குக் கீழே ஷூவோடு காலையில் ரோட்டில் இறங்கினால், "என்னக்கா, போலீஸ்ல சேந்துட்டியா?" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கேலி செய்வார்களாம். "போடி, எங்க சம்பந்தி வாத்தியாரு, அவரே சொல்லியிருக்காரு" என்பாராம். ஒரு காலை, ஜல்லி கொட்டியிருந்த ஓரத்தில் அந்த வளைந்த அடி புரண்டது. கணுக்கால் எலும்பு உடைந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள்.

நான் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகப் போய்ப் பார்த்தேன். "வாங்க சம்பந்தி, காபி சாப்புடுங்க" என்றார். போனில் கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் பேசவில்லை. காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சம்பந்தியம்மா சும்மா இருக்கவில்லை. அரியலூரில் ஒரு வக்கீலைப் பிடித்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டார். கம்பெனியிலிருந்து பதில் வந்தது. மகள் எனக்குப் படித்துக் காட்டினாள். 'முறையீட்டாளர் போதிய கல்வி இல்லாதவர். யாரிடமும் தீர விசாரிக்காமல், உபயோகிக்கும் முறை அறியாமல் பொருளை வாங்கித் தவறாகப் பயன்படுத்தியுள்ளார்.' சம்பந்தியம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு கூடப் பெரிதாகப் படவில்லை. இந்த வரிதான் சுட்டது.

"விசாரிக்காம வாங்குனவளாமே நானு! அத அழிக்கணும். தீர்ப்புல அத அழிச்சாப் போதும் எனக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

அதே வாரம் செருப்புக்கடைக்காரர் ஆணையத்தில் கொடுப்பதற்கு ஒரு பிரமாண வாக்குமூலத்தோடு என் வீட்டுக்கு வந்தார். வீடியோவில் சொன்னதெல்லாம் என் சொந்த அனுபவம், உண்மை என்று தட்டச்சு செய்திருந்தது.

"ஒரு கையெழுத்துதான் சார். ஏற்கெனவே சொன்னதுதான?"

"வச்சுட்டுப் போப்பா, படிச்சுட்டுத் தரேன்."

"நீங்களா படிக்கணும்? நீங்க சொன்னதத்தான் சார் எழுதியிருக்கோம்" என்று சிரித்தார். இந்தமுறை நான் சிரிக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை. ஆனால் 'பொய்' என்று சொல்லி அதைத் திருப்பிக் கொடுக்கும் துணிச்சலும் வரவில்லை.

மகள் மறுபடி போன் செய்தபோது அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

"அப்பா, எங்க வக்கீல் அத்தையக் கேட்டாரு. வாங்கறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது விசாரிச்சீங்களான்னு. விசாரிச்சிருந்தா கேஸ் நிக்கும்னாரு. அத்தை என்ன சொன்னாங்க தெரியுமா? 'இல்லீங்க'ன்னுட்டாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். போன் போட்டுக் குடுத்தவ நாந்தான். வாயத் தொறக்கல. எல்லாம் ஒங்களுக்காக."

"எனக்காகவா?"

"பின்ன? எங்க சம்பந்திதான் பொய் சொன்னாருன்னு கோர்ட்டுல சொல்லுவாங்களா? நாளைக்கிக் கடைசி வாதம். அத்தை தோக்கப் போறாங்க. போனை வைக்கறேன்."

அவர் ஜெயிக்க வேண்டுமானால் என் பெயர் கெட வேண்டும். அதைத் தவிர்க்க அவரே தன்னை விசாரிக்காத முட்டாளாக எழுதிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்! அதைக் கேட்டபோது அவமானம்தான் முதலில் வந்தது. ஆனால் கூடவே இன்னொன்றும் வந்தது. அதை உற்சாகம் என்றுதான் சொல்ல வேண்டும். செய்ய வேண்டியது என்ன என்பது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. நடுவே குழப்ப எதுவும் இல்லை.

மறுநாள் அரியலூர் பஸ்ஸில் ஏறினேன். பேரளி தாண்டியதும் எனக்கு உட்கார முடியவில்லை. சிமென்ட் லாரிகள் முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தன. டிரைவர் ஒவ்வொன்றுக்கும் பின்னால் பம்மினார். "முந்துங்க தம்பி, முந்துங்க!" என்று கத்தியேவிட்டேன். கண்டக்டர் திரும்பி, "பெரியவரே, பொண்ணு பாக்கவா போறீங்க?" என்றார். பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஓடிப்போய் உள்ளே நுழைந்தபோது கம்பெனி வக்கீல் பேசிக்கொண்டிருந்தார். ஆணையத்தின் தலைவர் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. முன்வரிசையில் ஊன்றுகோலோடு சம்பந்தியம்மா. பக்கத்தில் என் மகள்.

"விளம்பரத்தில் பேசியவர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். பள்ளியில் நுகர்வோர் மன்றம் நடத்தியவர். அவருக்குப் பலன் கிடைத்திருக்கிறது. முறையீட்டாளரோ யாரிடமும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அப்படியானால் குறை ஷூவிலா, காலிலா?"

யாரோ சிரித்தார்கள். சம்பந்தியம்மா தலையைக் குனிந்தார்.

"விசாரிச்சாங்க!" என்றேன்.

எல்லாத் தலையும் திரும்பியது. மகள் பாதி எழுந்துவிட்டாள்.

"யார் நீங்க? உக்காருங்க" என்றார் தலைவர்.

"அம்மா, அந்த வீடியோவுல இருக்கறவன் நாந்தான். என்கிட்டத்தான் விசாரிச்சாங்க. நெசந்தான்னு நான் பொய் சொன்னேன்."

கூடம் ஒரேயடியாகப் பேசியது. தலைவர் மேசையைத் தட்டினார். "நீங்க எந்தத் தரப்பு?"

"இவ்வளவு நாளா ஷூ தரப்பும்மா. இன்னிக்கி அந்தம்மா தரப்பு."

முறைப்படி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். கொடுக்கிறேன் என்றேன். ஆனாலும் அங்கேயே சில கேள்விகள் கேட்டார்.

"ஷூவ எவ்வளவு காலம் போட்டீங்க?"

"வீடியோ எடுத்த அன்னிக்கி மட்டும்."

"அப்ப நீங்க எளைச்சது?"

"காமாலைல."

தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். பின்னால் இருந்த செருப்புக்கடைக்காரர் காதில் ஏதோ சொல்ல, கம்பெனி வக்கீல் துள்ளி எழுந்தார். "இவர் முறையீட்டாளரின் சம்பந்தி! உறவுக்காரருக்காகப் பொய் சொல்கிறார்!"

"உறவுக்காரங்கன்னு பாத்திருந்தா போன்ல கேட்ட அன்னிக்கே உண்மையச் சொல்லியிருப்பேங்க" என்றேன்.

தலைவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உங்க மேலயும் நடவடிக்கை வரலாம். தெரியுமா உங்களுக்கு? படிச்சவர், பாடம் சொல்லிக் கொடுத்தவர். ஏன் செஞ்சீங்க?"

"ஆசையா இருந்துச்சும்மா" என்றேன். அதைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் சம்பந்தியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அந்த நேரத்திலும் எனக்கு அந்த ஆசை இருந்தது.

"ஒங்கள யாரு வரச் சொன்னது? ஊரே சிரிக்குது. எம் மருமவ நாளைக்கித் தெருவுல எப்படி நடப்பா?"

"நான் நடப்பேன் அத்தை" என்றாள் மகள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"நீ சும்மா இருடி. சம்பந்தி, இப்ப வந்து கத்துனத அன்னிக்கி மெதுவாச் சொல்லியிருந்தீங்கன்னா எங் காலு ஒடையாம இருந்திருக்கும்ல?"

"ஆமாங்க" என்றேன்.

இன்னொரு வாய்தாவில் என் வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டார்கள். அதன் மேல் கம்பெனி வக்கீல் எழுத்தில் அனுப்பிய கேள்விகள் என்னை உரித்துவிட்டன. தீர்ப்பு சம்பந்தியம்மாவுக்குச் சாதகமாக வந்தது. ஷூ விலையும் ஆஸ்பத்திரிச் செலவும் கொடுக்க வேண்டும், அந்த விளம்பரத்தை நிறுத்த வேண்டும், அது தவறு என்று கம்பெனி தன் செலவிலேயே கேபிளில் அறிவிக்க வேண்டும் என்று உத்தரவு. தீர்ப்பில் என்னைப் பற்றியும் இருக்கிறது: 'கற்றறிந்த இச்சாட்சி தெரிந்தே பொய்யுரைத்தார்.' ஊரில் அதையும் எல்லோரும் படித்தார்கள். செருப்புக்கடைக்காரர் என்னைக் கண்டால் ஷட்டர் பக்கம் திரும்பிக்கொள்கிறார். அந்த வீடியோவைப் பார்த்து வேறு யார் யார் வாங்கினார்கள், யாருக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. சம்பந்தியம்மா மழைக்காலத்தில் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறார். தீர்ப்பு அதைச் சரிசெய்யாது.

தீர்ப்பு நகல் கையில் கிடைத்த அன்று மாலை அவரே என்னைப் போனில் கூப்பிட்டார். மகளைப் படிக்கச் சொல்லி நான் கேட்கிற மாதிரி போனைப் பிடித்தார். 'முறையீட்டாளர், தாம் நம்பத்தக்கவர் எனக் கருதிய, விவரமறிந்த ஒருவரிடம் உரிய முறையில் விசாரித்த பின்னரே பொருளை வாங்கியுள்ளார் என இவ்வாணையம் முடிவு செய்கிறது.'

"இன்னொரு தடவ படி" என்றார். மகள் படித்தாள். "கேட்டீங்களா சம்பந்தி? விசாரிச்சுத்தான் வாங்குனேன்னு போட்டுட்டாங்க! அரசாங்க முத்திரையோட! அந்தப் போலீஸ்னு சொன்னவளுக்கு இப்பவே போய்ப் படிச்சுக் காட்டப் போறேன்!" சின்னப் பிள்ளை மாதிரி அவர் குரல் துள்ளியது. எனக்கும் இந்தப் பக்கம் நிலைகொள்ளவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

பிறகு அவர் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "அப்பறம், டாக்டரு முட்டிக்கு ஒரு பெல்ட்டு எழுதியிருக்காரு. அதப் போட்டா நெசமாவே வலி கொறையுங்களா?"

"எனக்குத் தெரியாதுங்க சம்பந்தியம்மா. அவரையே கேளுங்க."

அவர் சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது.

"அப்படிச் சொல்லுங்க!" என்றார்.