மிதித்தால் திணறும் வண்டி

செய்தி வந்தபோது காலை பதினொரு மணி. ஆம்பூரில் தில்ஷாத் தன் அம்மாவின் முதுகில் ஸ்பிரிட் தடவிக்கொண்டிருந்தாள். தொடை எலும்பு முறிந்து ஒரு மாதமாக அம்மா படுத்த படுக்கை. முதுகு புண்ணாகாமல் இருக்க தினமும் தடவ வேண்டும். காட்பாடியிலிருந்து அண்ணியின் தம்பி ஜியாவுதீன் போனில் பேசினான். அவள் அண்ணன் ஷோயப் இரவே இறந்துவிட்டான். நெஞ்சுவலி.

“ராத்திரியே போய்ட்டாரா? இப்ப சொல்ற?”

“அம்மீயால எப்படியும் வர முடியாது, சொல்லாதன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க ஆபா. எனக்குத்தான் மனசு கேக்கல. மத்தியானம் லுஹர் தொழுததும் தூக்கிடுவாங்க.”

தில்ஷாத் எதையும் உட்கார்ந்து யோசிக்கிறவள் இல்லை. ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்கார வைத்தார்கள். ஆறு மாதம்கூட இருப்புக்கொள்ளவில்லை. புருஷன் விட்டுப்போன பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, பழைய பெட்ரோல் வண்டி ஒன்றை வாங்கி, தையலுக்குப் போகும் பெண்களை ஏற்றி இறக்க ஆரம்பித்தாள். பெண்பிள்ளை ஓட்டுகிற வண்டியா என்று தெருவே முகத்தைச் சுளித்தது. ஷோயப் மட்டும் முதல் நாளே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, “மெதுவா ஓட்டு, நான் இன்னும் ரெண்டு பொண்ணக் கட்டிக்குடுக்கணும்” என்றான்.

அந்த வண்டிக்குத்தான் கொஞ்ச நாளாகச் சீக்கு. நின்ற இடத்தில் இன்ஜின் சீராக ஓடும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் தயங்கும், குலுங்கும், பிறகுதான் நகரும். பெட்ரோலையும் தண்ணீராகக் குடித்தது. மெக்கானிக் லோகநாதன் பிளக்கை மாற்றினார், பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார், பெட்ரோல் பங்கைத் திட்டினார். கடைசியில், “உன் காலு சும்மா இருக்காதும்மா, ஜாஸ்தி மிதிக்கிற” என்று அவள் மேலேயே பழியைப் போட்டுவிட்டார்.

முஹல்லாத் தெருக்களில் வேறு வண்டி இல்லை. எல்லாம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தன. பக்கத்து வீட்டு ஆண்கள் அம்மாவைப் பாயோடு தூக்கிவந்து பின்சீட்டில் கிடத்தினார்கள். அம்மா அஜீஸுன்னிசா அழவில்லை. “முகத்தப் பாக்கணும். ஒரு தரம்” என்றாள், அவ்வளவுதான்.

மாதனூர் தாண்டியதுமே வண்டி தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. மேம்பாலம் ஏறும்போது நாற்பதைத் தொடவே மூச்சு வாங்கியது.

“இன்னாடி, வண்டி தும்முது?”

“ஒண்ணுமில்ல அம்மீ.”

“ஒண்ணுமில்லன்னா லாரிக்காரன் ஏன் திட்டிட்டுப் போறான்?”

பள்ளிகொண்டாவுக்கு முன்னால் தில்ஷாத் ஓரங்கட்டினாள். கண்ணாடியில் பின்னால் கருப்புப் புகை. பெட்ரோல் வருகிறது. பிளக் புதுசு. மிச்சம் காற்று ஒன்றுதான். காற்றை அவள் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. ஏனென்றால் ஏர் ஃபில்டரை வாரம் தவறாமல் சுத்தம் செய்பவள் அவளே. பகலில் அவள் வண்டியை நிறுத்தும் தோல் தொழிற்சாலையில் கம்ப்ரஸர் உண்டு. அதன் குழாயைப் பிடித்து அடித்தால் ஃபில்டர் பளிச்சென்று ஆகிவிடும். காசில்லாத காற்று. அங்கே நிறுத்துகிற டிரைவர்கள் எல்லாரும் செய்வதுதான்.

மூடியின் நான்கு கிளிப்புகளையும் நெம்பி, ஃபில்டரை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தாள். மடிப்புக்கு மடிப்பு வெளிச்சம் ஒழுகியது. அவள் வாராவாரம் அடித்த காற்றே காகிதத்தைக் கிழித்திருந்தது. தோலைத் தேய்க்கும் கொட்டகையிலிருந்து பறக்கிற மாவு போன்ற தூசி அதன் வழியே உள்ளே போய், காற்றை அளந்து சொல்லும் மெல்லிய கம்பியில் சாம்பல் நிறப் பஞ்சாகப் படிந்திருந்தது. கம்பி தப்புக் கணக்குச் சொல்ல, இன்ஜின் அந்தக் கணக்குக்குப் பெட்ரோல் குடித்துக்கொண்டிருந்தது.

“அம்மீ, ஸ்பிரிட் பாட்டில் எங்க?”

“தலமாட்டுல. ஏன், வண்டிக்கும் முதுகுல புண்ணா?”

விரல் பட்டால் கம்பி அறுந்துவிடும். சொட்டுச் சொட்டாக ஊற்றிக் கழுவினாள். காய்கிறவரை காத்திருக்க வேண்டும். அவளுக்குத் தெரியாத ஒரே வேலை அதுதான். வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். ஊதினாள். மறுபடி நடந்தாள். ஊருக்குள்ளிருந்து லுஹர் பாங்கு கேட்டது. போன் அடித்தது.

“எங்க இருக்கீங்க ஆபா?”

“பாலாத்துப் பாலத்துல” என்று பொய் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் அள்ளிச் சொருகிக் கிளப்பினாள். முதலில் ஒரு உதறல். பிறகு, வெகு நாளைக்குப் பின், மிதித்த மிதிக்கு வண்டி ஓடியது.

காட்பாடியில் அண்ணன் வீட்டுத் தெருமுனைக்குள் திரும்பும்போது ஷோயப்பின் ஜனாஸா தோள்மேல் எதிரே வந்துகொண்டிருந்தது. குறுக்கே வண்டியை நிறுத்தினாள்.

“தூக்கினத எப்படிப்பா எறக்கறது?” என்றார் ஒருவர்.

“பெத்தவ வந்திருக்கா. எறக்குங்க பாய்” என்று ஜியாவுதீன் கத்தினான்.

பின்கதவைத் திறந்து, ஜனாஸாவைச் சீட்டு உயரத்துக்குத் தாழ்த்திப் பிடித்தார்கள். அம்மாவால் எழ முடியவில்லை. தில்ஷாத் மறுபக்கக் கதவு வழியே ஏறி அம்மாவை நிமிர்த்தி, திரும்பி உட்கார்ந்து, தன் முதுகை அம்மாவின் முதுகுக்கு முட்டுக்கொடுத்தாள். அவளுக்கு எதிரே ஒரு வீட்டுச் சுவர். அசைந்தால் அம்மா சரிந்துவிடுவாள்.

“ஷோயப்” என்று அம்மா தூங்குகிறவனை எழுப்புவதுபோலக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “தாடிய நல்லாத்தான் சீவி விட்டிருக்காங்க” என்றாள்.

முகத்தின் மேல் கபன் துணியை மூடுகிற சத்தமும், தூக்குகிறவர்களின் மூச்சும் தில்ஷாத்துக்குக் கேட்டன. அவள் திரும்பும்போது தெருவில் முதுகுகள்தான் இருந்தன.

இப்போதும் விடிந்தால் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறாள். தொழிற்சாலைக் காற்றை அதன் பிறகு தொடவில்லை. புது ஃபில்டர் வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறாள். நான் போட்டுத் தர்றேன் என்று லோகநாதன் இரண்டு தடவை கேட்டுவிட்டார். நானே போட்டுக்கறேன் என்கிறாள். மூடியில் இரண்டு கிளிப்புகளே மாட்டியிருக்கின்றன. மற்ற இரண்டும் அன்று பள்ளிகொண்டாவில் அவசரத்தில் மாட்டாமல் விட்டபடியே இருக்கின்றன.