வத்தல் விலையும் என் பாட்டும்

வானொலி நிலையத்தில் பாட்டுப் பாடவும் அறிவிப்புச் செய்யவும் எனக்கு வேலை கிடைத்தபோது, விருதுநகரில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்த என் அய்யா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஐம்பதுகளில் எங்கள் வீட்டுப் பெண்கள் கோயிலில்கூட வாய்க்குள்தான் பாடுவார்கள். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த குடும்பம் ஒன்று அப்போது என்னைப் பெண் கேட்டிருந்தது. விஷயம் தெரிந்ததும், தீபாவளி சீசன் முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்றார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ சீசன் முடிந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. அய்யா பேசாததுதான் நெஞ்சை அறுத்தது.

பொங்கலுக்கு வீட்டுக்குப் போனால், நான் எதிரிலேயே நிற்கும்போது, "அவ சாப்பிட்டாளான்னு கேளு" என்று அம்மாவிடம் சொல்வார். எனக்கும் வீம்புக்குக் குறைவில்லை. "சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்க" என்பேன். நடுவில் அம்மா பாடுதான் திண்டாட்டம். நான் பாடுவதைக் கேட்க அவள் பக்கத்து வீட்டுக்குத்தான் போவாள். எங்கள் ரேடியோ கடையில் இருந்தது. சந்தை விலை நிலவரம் கேட்க மட்டும்தான் அய்யா அதைப் போடுவார் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில், அந்த நிலவரத்தை வாசித்துவந்தவருக்கு மாற்றலாகி, வேலை என் தலையில் விழுந்தது. வத்தல், மல்லி, நல்லெண்ணெய், துவரம் பருப்பு என்று ஊர் ஊராக விலை சொல்ல வேண்டும். மைக் முன்னால் உட்கார்ந்ததும் எனக்கு அய்யா நினைவுதான் வந்தது. என் குரல் கேட்டதும் அய்யா ரேடியோவை அணைத்துவிடுவார், பிறகு விலை தெரியாமல் வியாபாரத்தில் முழிப்பார் என்று பயம். அவர் குமிழைத் திருகுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வத்தல் விலையை ஒரே மூச்சில் ஓட்டினேன். தினமும் அப்படித்தான்.

அடுத்து வந்த பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அய்யா கடையிலிருந்து வந்து, கை கால் கழுவி, இலை முன் உட்கார்ந்தார். அம்மா அடுப்படியில் வேலையாக இருந்ததால் நான்தான் பரிமாறினேன். சோற்றைப் பிசைந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வத்தல் விலையை ஏன் அந்த ஓட்டம் ஓட்டுத? கடையில ஒருத்தராலயும் எழுதிக்கிட முடியல. பாட்டை மட்டும் அம்புட்டு நிதானமாப் பாடுத."

பாட்டையும் கேட்டிருக்கிறார்.

"இனிமே மெதுவா வாசிக்கேன், அய்யா" என்றேன்.

"சரி, ரசத்தை ஊத்து" என்றார்.