அடுத்த சுற்றுக்கு வருவதாகச் சொன்னவர்

எந்த நாடு என்று சொல்லமாட்டேன். ஏன் என்பது வாசிக்க வாசிக்க விளங்கும். உலகத்துத் தடகள வீரர்கள் எல்லோரும் கூடுகிற பெரிய போட்டி. அதில் ஆண்களின் இருபது கிலோமீற்றர் வேகநடை நடந்த காலையில், அந்த நாட்டுத் தெரு ஒன்றில் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாழ்நாளில் நான் ஆசைப்பட்டுப் போன ஒரே பயணம் அது. அன்றைக்குப் பயந்த மாதிரி நான் அதிக நாள் பயந்ததில்லை என்றால், சண்டைக் காலத்தில் வன்னியில் இருந்தவன் இப்படிச் சொல்கிறானே என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது.

நான் பயந்த சுபாவம். நாய் குரைத்தால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போகிற ஆள். "பயந்தாங்கொள்ளி" என்று என் மனுசி ஒரே சொல்லில் சொல்லிவிடுவாள். கிளிநொச்சிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். முன்பொருமுறை விளையாட்டுப் போட்டிக்கு நடுவர் போதாமல், "மாஸ்ரர், சும்மாதானே நிக்கிறியள்" என்று ஒரு மஞ்சள் மட்டையைக் கையில் திணித்தார்கள். வேகநடைக்கு நடுவராக நிற்க ஒருவருக்கும் விருப்பமில்லை. வெயிலில் நின்று பிள்ளைகளின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு பாதமாவது எந்நேரமும் தரையில் இருக்க வேண்டும், முன்னே வைக்கிற கால் முழங்காலில் மடங்கக்கூடாது. பிழை விட்டால் முதலில் மஞ்சள் மட்டை, பிறகு சிவப்பு அட்டை. கருவி ஒன்றும் கிடையாது. வெறுங்கண்தான்.

எனக்கு அது பிடித்துப்போயிற்று. ஓட முடிந்த மனிதன் ஓடாமல் தன்னை அடக்கிக்கொண்டு, அவ்வளவு வேகமாக நடக்கிறான். என்னைப் போல ஒருவனுக்கு அதைவிட வேறு என்ன விளையாட்டு பொருந்தும்?

என் நண்பர் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். என்னைவிட நான்கு வயது இளையவர். ஒரு போட்டியில் அவருடைய மகளுக்கு நான் சிவப்பு அட்டை கொடுத்ததற்குச் சண்டைக்கு வந்தார். யாரோ போனில் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பிள்ளையின் இரண்டு காலும் அந்தரத்தில் நின்றதைக் கண்டதும் தலையைச் சொறிந்தார். அன்றிலிருந்து சிநேகிதம். கடை வாசலில் கழற்றிப் போட்ட சில்லுகளுக்கு நடுவே இருந்து உலகப் போட்டிகளை போனின் சின்னத் திரையில் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் இரணைமடுக் குளக்கட்டில் இடுப்பை வெட்டி வெட்டி நடப்போம். வலை இழுக்கிறவர்கள் "மீன் வாங்க வந்தனீங்களோ, கூத்தாட வந்தனீங்களோ?" என்று கேட்பார்கள்.

வேறொரு நாட்டிலிருக்கும் என் தம்பி பிளேன் ரிக்கெற் எடுத்துத் தருகிறேன் என்றதும், நண்பரும் வருவதாகச் சொன்னார். அவருடைய ரிக்கெற்றை அவருடைய மச்சான் எடுத்தார். அந்த மச்சானைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெரிய கணித வாத்தி! நண்பரிடம் விசாவுக்குக் காட்டப் பெரிதாகக் கடதாசி இல்லாதபடியால், நானே ஒரு கடிதம் எழுதினேன். இவர் என்னோடு வந்து என்னோடு திரும்புவார், அதற்கு நான் பொறுப்பு என்று. என் முகவரி, அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து எல்லாம் அதில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக்குச் சும்மா பார்த்துவிட்டு வரப் போகிறவர்கள் கிடையாது. போகிறவர்கள் போகிறவர்கள்தான், திரும்புவதில்லை. பயணம் சொல்ல வந்தவர்கள் ஏதோ கடைசியாகக் காண்பது போல என் கையைப் பிடித்தார்கள். "வேகநடை பாக்கப் போறன், பத்து நாளில வந்திடுவன்" என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணைச் சிமிட்டினார். "ஓம் ஓம், கேட்டா அப்பிடியே சொல்லுங்கோ. உங்களை அனுப்புற ஏஜென்ற் ஆர்?"

இதெல்லாம் சேர்ந்து என்னைப் பிடித்து ஆட்டியது. அங்கே போய் இறங்கியதிலிருந்து நண்பரை நான் விட்டேனில்லை. ஒரே அறை, இரண்டு கட்டில். காலையில் எழும்பியதும் "ஐசே, பாஸ்போட் பத்திரமோ?" என்று கேட்பேன். "நீர் திரும்பி வராட்டி நானே பொலிசுக்குச் சொல்லிப்போடுவன்" என்பேன். பகிடிதான். பாதிப் பகிடி. அவரும் சிரிப்பார்.

போட்டியன்று விடிந்ததும் போய் நல்ல இடம் பிடித்தோம். ஒரு கிலோமீற்றர் வட்டம், இருபது சுற்று. நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவை வீரர்கள் எங்கள் மூக்குக்கு முன்னால் போனார்கள். போனில் கேட்காத சத்தம் ஒன்று நேரில் கேட்டது. ஐம்பது சோடி சப்பாத்து ஓட்டமும் இல்லாமல் நடையும் இல்லாமல் தாரில் படுகிற சத்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பது வயதைத் தாண்டிய வீரர் ஒருவருக்கு நான் பல வருட ரசிகன். "மாஸ்ரற்ற ஆள் வாறார்" என்று நண்பர் என் முதுகில் தட்டினார். அவர் முகமும் சந்தோசமாகத்தான் இருந்தது. சத்தியமாக.

ஆறாவது சுற்றில் நண்பர் தன் பையை என்னிடம் நீட்டினார். "மாஸ்ரர், இதை ஒருக்காப் பிடியுங்கோ. ரொய்லெற்றுக்குப் போயிட்டு வாறன். அடுத்த சுத்துக்கு வந்திடுவன்."

"கெதியா வாரும். உம்மட ஆளும் முன்னுக்கு வரப்போறார்" என்றேன்.

ஏழாவது சுற்று போயிற்று. எட்டாவது போயிற்று. வரிசை நீளம் போல என்று நினைத்தேன். ஒன்பதில் போன் எடுத்தேன். அவருடைய போன் நிறுத்தப்பட்டிருந்தது. பத்தாவது சுற்றில் பையைத் திறந்தேன். மகளுக்கு வாங்கிய சப்பாத்து, மனுசிக்கு வாங்கிய கைப்பை, மூன்று பக்கற் சொக்கலேற். பாஸ்போட் இல்லை. அவர் தினமும் போடுகிற பிரசர் குளிசை இல்லை. போனுக்கு மின்சாரம் ஏற்றுகிற வயர் இல்லை. ஊருக்குப் போக வேண்டிய சாமான்கள் மட்டும் என் கையில் இருந்தன.

முன்னால் உலகத்தின் மிகச் சிறந்த நடைக்காரர்கள் போகிறார்கள், நான் எதிர்ப்பக்கத்துச் சனத்துக்குள் அவருடைய நீலச் சட்டையைத் தேடிக்கொண்டு நிற்கிறேன். எத்தனை பிள்ளைகளின் பாதம் தரையை விட்டெழும்பியதைப் பிடித்த கண் இது. பக்கத்தில் நின்ற மனிதன் கிளம்பியதை இது காணவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆத்திரம் போய்த் திரும்பவும் பயம் வந்தது. கடிதத்தில் இருப்பது என் கையெழுத்து. இருபத்து நான்கு வருட அரசாங்க வேலை. பென்சன். இரண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டம் என்று சொன்னால் இல்லையென்று எப்படிக் காட்டுவேன்?

அந்த நேரம் பார்த்து ஒரு பொலிஸ்காரர் தடுப்போரமாக வந்தார். பையை நிலத்தில் வைத்திருந்தேன். அதைக் காட்டி ஏதோ கேட்டார். எனக்கு அவருடைய பேச்சு கேட்கவே இல்லை. பல வருடங்களுக்கு முன்னால் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் ஒரு ஆமிக்காரன் என்னிடம் கேட்டதுதான் கேட்டது. உன்னோடு வந்தவன் எங்கே? அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பதில் இல்லாத ஒருவனை அவர்கள் எவ்வளவு நேரம் வெயிலில் இருத்தி வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பொலிஸ்காரர் திரும்பவும் கேட்டார். உங்களுடைய பையா?

"ஓம், என்னுடையது" என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். அவர் பெருவிரலைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். நான் பொலிசுக்குச் சொன்ன முதல் பொய் அது.

பிறகு ஒவ்வொரு ரொய்லெற்றாகப் போய்த் தேடினேன். தண்ணீர் குடிக்கிற இடம், பஸ் நிறுத்தம், மர நிழல். தூரத்தில் சனம் ஆரவாரிக்கிற சத்தம் கேட்டது. வெற்றிக்கோட்டுக்கு யாரோ வந்துவிட்டார் என்று விளங்கியது. கடல் தாண்டிப் போய் நின்ற நான் அந்தக் கடைசிச் சுற்றைப் பார்க்கவில்லை. என் ஆள் எத்தனையாவதாக வந்தார் என்பதை ஊருக்கு வந்துதான் போனில் பார்த்தேன்.

ஒரு சுவரோரம் குந்தியிருந்து மனுசிக்குப் போன் எடுத்தேன். விசயத்தைச் சொன்னேன்.

"போயிட்டாரோ?" என்றாள். அவளுக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. பிறகு கேட்டாள், "இப்ப நீங்கள் என்ன செய்யப் போறியள்?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கிப்போட்டது. அவள் என்ன நினைத்துக் கேட்டாள் என்று எனக்கு விளங்கியது. நானும் அப்படிப் போகலாம் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியதும் அந்த நாட்டு வீதிகள் எல்லாம் என்னைப் பார்த்துத் திறந்து கிடப்பது போலிருந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் வாறன்" என்றேன்.

"வாங்கோ. சாப்பிட்டுட்டுப் போய்ப் படுங்கோ" என்றாள். அழுதாள் என்று நினைக்கிறேன்.

மிச்ச இரண்டு நாளும் அறையை விட்டு வெளியே போகவில்லை. அறை துப்புரவாக்க வந்த பெண் கதவைத் தட்டினாலும் பொலிஸ் என்றுதான் நினைத்தேன். பக்கத்துக் கட்டிலில் யாரும் படுக்கவில்லை என்பது தெரியக்கூடாது என்று நானே அதன் விரிப்பைக் கசக்கி விட்டேன். விமான நிலையத்தில் சொல்லவேண்டிய பதிலைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கினேன். "நாங்கள் இரண்டு பேர் வந்தோம். அவர் எங்கே என்று எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது." எத்தனை தரம் சொல்லிப் பார்த்தாலும் பொய்யாகத்தான் ஒலித்தது.

ஒருவரும் கேட்கவில்லை. அங்கே முத்திரை குத்தினார்கள், கொழும்பில் முத்திரை குத்தினார்கள். வவுனியா தாண்டி வருகிற பஸ்ஸில் வேர்வை காயாமல் இருந்தேன். ஊரில் இறங்கியதும் பக்கத்து வீட்டுக்காரர்தான் முதலில் கண்டார். "என்ன மாஸ்ரர், பிடிச்சுத் திருப்பி அனுப்பிப் போட்டாங்களோ?" என்று மிகவும் அனுதாபமாகக் கேட்டார்.

அடுத்த நாள் காலை அந்தப் பையைக் கொண்டு நண்பர் வீட்டுக்குப் போனேன். வழி முழுக்க யோசித்தேன், எப்படிச் சொல்வது, அவருடைய மனுசி விழுந்து கிடந்து அழுதால் என்ன செய்வது என்று. அவா என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுத் தான் நின்றுகொண்டா.

"எனக்குத் தெரியும் மாஸ்ரர். போக முதலே தெரியும். இப்ப ஒரு இடத்தில நிக்கிறார். சுகமா இருக்கிறார்."

இத்தனை நாளாக நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது. கூடவே கோபமும் வந்தது. "எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம்தானே? நான் அங்க செத்துப் பிழைச்சனான். அவர் உண்மையில வேகநடை பாக்கத்தான் வந்தவரோ, இல்லாட்டி அதுவும் நடிப்போ?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது மாஸ்ரர்." பையை வாங்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தா. சப்பாத்தை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. "அவர் ஏஜென்ற்றுக்கும் பயப்பிடேல்லை, அந்த நாட்டுப் பொலிசுக்கும் பயப்பிடேல்லை. உங்களுக்குத்தான் பயந்தவர். உங்களோட ஒரு அறையில கிடந்த நாளெல்லாம் நித்திரை இல்லையாம். மாஸ்ரர் கண்டுபிடிச்சா விடமாட்டார், போய்ச் சொல்லிப்போடுவார் எண்டு."

நாய்க்குப் பயந்து சைக்கிளை உருட்டுகிற மனிதன் நான். எனக்குப் பயந்து ஒருவர் நித்திரையில்லாமல் கிடந்திருக்கிறார், நான்கடி தூரத்தில்.

அவா தேத்தண்ணி கொண்டுவந்தா. "ஒருத்தருக்கும் சொல்லமாட்டியள்தானே மாஸ்ரர்?" என்று கேட்டா. சொல்லமாட்டன் என்றேன். இரண்டு தரம் சொன்னேன். அவா தலையாட்டினா. நம்பவில்லை என்பது முகத்தில் அப்படியே தெரிந்தது.

வாசல் படலை வரைக்கும் கூட வந்தா. நான் சைக்கிளை றோட்டுக்கு ஏற்றுகிறேன், அவா படலையைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறா. வலப்பக்கம் போனால் சந்தை, போகிற வழியில் பொலிஸ் நிலையம். இடப்பக்கம் என் வீடு. மனுசி தேங்காயெண்ணெய் வாங்கிவரச் சொல்லியிருந்தாள், நான் வலப்பக்கம்தான் போகவேண்டும். அவா என் சைக்கிளின் முன்சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றா.

நான் இடப்பக்கம் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.