மூன்று சொல்லும் ஒரே கட்டு

"பூண்டு கட்டுன கைக்கு ரிசப்ஷன் போன் எதுக்கும்மா? வெள்ளக்காரன் பேசுனா புரியுமா?" கொடைக்கானல் விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யச் சேர்ந்த வாரம், அடித்த போனை எடுக்கப்போன என்னிடம் மேலாளர் கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆனாலும் அன்று புரியவில்லைதான். 'ரன் அவுட் ஆஃப்' என்றால் தீர்ந்துபோவது, 'புட் அப் வித்' என்றால் பொறுத்துப்போவது என்று எந்தப் பாடமும் எனக்குச் சொல்லவில்லை.

எங்கள் ஊர் மன்னவனூரில் பூண்டைக் காய்ந்த தண்டோடு கட்டாகக் கட்டித்தான் தொங்கவிடுவோம், உதிர்த்தால் கெட்டுவிடும். அதேபோல அந்தச் சொற்களைப் பிரிக்காமல், விருந்தினர் பேசிய வாக்கியத்தோடு நோட்டில் எழுதிவந்தேன்.

போன மாதம் மேலாளர் இல்லாத நேரம் ரிசப்ஷன் போன் அடித்தது. எடுத்தேன். ஓர் அறையிலிருந்து, 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் ஹாட் வாட்டர்' என்றார்கள்; வெந்நீர் தீர்ந்துவிட்டது. பதில் சொல்லி, வெந்நீரும் அனுப்பினேன்.

திரும்பி வந்து விஷயம் தெரிந்துகொண்ட மேலாளர், "ஒன்னைய யாரு எடுக்கச் சொன்னா? போய் ஒஞ் சோலியப் பாரு" என்றார்.

"ஐ வோன்ட் புட் அப் வித் திஸ், சார்" என்றேன்.

அன்று மாலையே ஏரிப்பக்கத்து விடுதி ஒன்றில் ரிசப்ஷன் வேலைக்கு விண்ணப்பித்தேன். நேர்காணல் முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது. திங்கட்கிழமையிலிருந்து அங்கே போனை நான்தான் எடுக்கிறேன்.