நூரக்காவின் வீட்டுக்குச் சொன்னது

மரியம் அழைத்தபோது, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மத்தியானச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தேன். தன் தாயார் நூரக்கா இறந்துவிட்டார் என்பதை அந்தப் பிள்ளை டேனிஷில் ஒரே வசனத்தில் சொன்னாள். அழவில்லை. பிறகு, என்னோடு ஒருநாளும் பேசாத தமிழை எங்கிருந்தோ தேடிப்பிடித்து, "அன்ரி, வீட்டுக்கு ஆர் சொல்லுறது?" என்று கேட்டாள். கையிலிருந்த உருளைக்கிழங்குக் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, "நான்தான்" என்றேன்.

டென்மார்க்கில், எங்கள் இஷொயில் நூரக்காவைத் தெரியாத தமிழர் குறைவு. ஆனால் அவர் தமிழரல்ல என்பது உங்களில் சிலருக்குத் தெரியாமலிருக்கலாம். இந்தோனேசியாவில் சுலாவெசித் தீவின் உட்பகுதியில், ஆற்றோரமாக ஒற்றை மண்பாதையும் உயர்ந்த கால்களில் நிற்கும் கொஞ்ச மரவீடுகளும் மட்டுமே உள்ள ஒரு குடியிருப்பில் பிறந்தவர். மன்னார் அந்தோனி அண்ணை கப்பலில் வேலை செய்த காலத்தில் அங்கே போய், அவரைக் கட்டி, அவருடைய வீட்டிலேயே சில மாதம் இருந்துவிட்டு இங்கே கூட்டிவந்தார். அண்ணை வேதக்காரர், அக்கா முஸ்லிம். மகளுக்கு மரியம் என்று பெயர் வைத்து இரண்டு பக்கத்தையும் சமாளித்தார்கள். அண்ணை காலமான பிறகும் நூரக்கா மன்னார்த் தமிழை விடவில்லை. எனக்கு அவர் வேலைத்தலத்துத் தோழி. குடியிருந்ததும் கொம்யூன், அதாவது நகரசபை, கட்டிய மாடியில் என் வீட்டுக்கு நேர் கீழ் வீட்டில்தான்.

வெளியே கிளம்பும்போதெல்லாம் அவர் சமையலறை மூலையிலிருந்த கொங்கிரீட் தூணைத் தொட்டு, தன் பாஷையில் ஏதோ முணுமுணுப்பார். நான் சும்மா இருப்பேனா? "என்ன நூரக்கா, கொம்யூனின்ரை தூணுக்கும் கும்பிடோ?" என்று கேட்டேன்.

"கும்பிடேல்லை. எங்கை போறன், எப்ப வருவன் எண்டு சொல்லுறன். சொல்லாமல் போனால் வீடு தேடும்."

அவர்களுடைய ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் நடுத்தூண் ஒன்று உண்டாம். அதை வீட்டின் தொப்புள் என்பார்கள். பயணம் போகிறவர் அதைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் ஏணியால் இறங்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் சொல்லாமல் மலேசியாவுக்குப் படகேறிப் போனானாம். அவன் போன திசைக்கு வீடு மெல்லமெல்லச் சாய்ந்ததாம். அவன் கடலில் மூழ்கிப் போனான் என்ற செய்தி வந்து, மனைவி தூணைப் பிடித்து அதைச் சொன்ன பிறகுதான் சாய்வது நின்றதாம். "ஆத்து ஈரத்துக்குத் தூண் உக்கியிருக்கும்" என்றேன். "ஓம், உக்கியும் இருக்கும்" என்று சிரித்தார்.

அவரைச் சீண்டுவதில் எனக்கு இருந்த ருசி, என்னை மடக்குவதில் அவருக்கும் இருந்தது. ஒருநாள் நான் வாசலில் நின்று "சரி அக்கா, போட்டு வாறன்" என்று எல்லாரையும்போலப் போய்வருவதாகச் சொன்னதும் பிடித்துக்கொண்டார். "நீங்கள் தமிழாக்கள் பெரிய பொய்யர். திரும்பி வராத இடத்திலையும் போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போவியள். உங்கடை ஊர் வீடெல்லாம் இன்னும் வாசலைப் பாத்துக்கொண்டு நிக்கும்." எனக்குச் சுள்ளென்றது. எங்களுக்குக் காணி உறுதிப் பத்திரம் இருக்கிறது, வீடு இல்லை என்றேன். தனக்கு வீடு இருக்கிறது, உறுதி இல்லை என்றார் அவர்.

அது விளையாட்டுப் பேச்சல்ல. அந்த ஊரில் நிலம் ஒருவருக்கும் அதன்மேல் நிற்கும் வீடு இன்னொருவருக்கும் இருக்கலாம். நூரக்காவின் வீடு சகோதரங்களின் நிலத்தில் நின்றது. போன வருடம் அவர்கள் நிலத்தைக் கேட்டார்கள். வீட்டை இடிக்கச் சொல்லவில்லை. தூக்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். அங்கே அது நடக்கிற காரியந்தான். வீட்டுக்கடியில் மூங்கில் கட்டி, ஊரே தோள் கொடுத்து, முழு வீட்டையும் வேறு இடத்துக்குச் சுமந்து போகும். நூரக்கா தானே போய்த் தூணிடம் சொல்ல விரும்பினார். இதயம் பழுதாகியிருந்ததால் விமானம் ஏறக்கூடாதென்று வைத்தியர் மறித்துவிட்டார்.

வீடு தூக்கிய அன்று நான் அவரோடு சோபாவில் இருந்து வீடியோவில் பார்த்தேன். தம்பி மகன் ரஹ்மான் அங்கே போனைப் பிடித்திருந்தான். ஆண்கள் ஓவென்று சத்தமிட்டுத் தோள் கொடுத்தார்கள். வீடு அசையவில்லை. மறுபடி கொடுத்தார்கள். நிலத்தில் முளைத்ததுபோல நின்றது. நூரக்கா போனைத் தூணடிக்குக் கொண்டுபோகச் சொல்லி, தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசினார். அடுத்த சத்தத்துக்கு வீடு எழும்பியது. யன்னல் சீலை ஆட, மனிதக் கால்களில் அது பாதையால் நடந்து போனது. அவர்கள் சத்தமிட்ட ஒவ்வொரு தரமும் எங்கள் தலைக்கு மேலே தொங்கிய விளக்கு ஆடியது. நான் எழுந்து யன்னலைப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது.

"என்ன சொன்னியள்?" என்று கேட்டேன்.

"வருவன் எண்டு சொன்னன். வேறை என்ன செய்யிறது, தூக்க வேணுமே." அவருடைய முகம் வெளிறியிருந்தது. "பொய் சொல்லிப்போட்டன், பிள்ளை."

சில மாதத்தில் ரஹ்மான் படம் அனுப்பினான். புதிய இடத்தில் வீடு மேற்கே சாய்ந்திருந்தது. முட்டுக்கொடுத்தும் நிற்கவில்லையாம். புது மண் இறுகவில்லை என்று நான் அடித்துச் சொன்னேன். நூரக்கா படத்தைத் தடவிக்கொண்டு, "இஞ்சாலைப் பக்கந்தான் பாக்குது" என்றார். அவர் பயந்தது சாவுக்கல்ல. தான் செத்த பிறகும் அந்த வீடு தன்னை எதிர்பார்த்துச் சாய்ந்து சாய்ந்து ஒருநாள் விழுந்துவிடும் என்பதற்குத்தான். வைத்தியசாலையில் கடைசியாக என் கையைப் பிடித்துக் கேட்டதும் அதைத்தான்.

"நீ சொல்லு. மரியம் அழுவாள், அழுதுகொண்டு சொல்லக்கூடாது. நீ சண்டைக்காரி, உன்ரை குரல் அதுக்குக் கேக்கும். தமிழிலையே சொல்லு. என்ரை மனுசன் அந்த வீட்டிலை தமிழ்தான் கதைச்சவர், அதுக்கு விளங்கும்."

அடக்கம் முடிந்த மறுநாள் மரியமும் நானும் அவருடைய வீட்டில் இருந்து அழைத்தோம். ரஹ்மான் ஏணியால் ஏறி, போனைத் தூணோடு சேர்த்துப் பிடித்தான். திரையில் கறுத்த மரம் மட்டுமே தெரிந்தது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் போனுக்குக் கிட்டக் குனிந்தேன். "நூரக்கா மோசம் போயிட்டா. இனி வரமாட்டா. நீ பாத்துக்கொண்டு நிக்காதை" என்றேன். மறுபக்கத்தில் காற்றுச் சத்தங்கூட நின்றிருந்தது. பிறகு, எங்கோ உள்ளேயிருந்து மரம் நீளமாக முனகியது. ரஹ்மான் ஏதோ கத்தினான். கதையை முடித்தால் போதுமென்ற அவசரத்தில், "சரி, அப்ப போட்டு வாறன்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

வீடு நிமிர்ந்துவிட்டது என்று அந்தக் கிழமையே செய்தி வந்தது. மரியம் என்னைக் கட்டிப்பிடித்து, அன்றுதான் முதன்முதலாக அழுதாள். நானும் அழுதேன். நூரக்கா இல்லாத கீழ்வீடு எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னோடு மல்லுக்கட்ட இனி ஆர் இருக்கிறார்கள்?

போன மாதம் மரியம் மறுபடி வந்தாள். முகம் சரியில்லை. வீடு திரும்பவும் சாய்கிறதாம், அதே மேற்குப் பக்கந்தானாம். "அம்மா வரமாட்டா எண்டு சொல்லியாச்செல்லோ, அன்ரி? இப்ப ஆரைத் தேடுது?" என்றாள். ஈர மண் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. நான் என்ன சொல்லிப் போனை வைத்தேன் என்பது அவளுக்கு நினைவில்லை. எனக்கு நினைவிருக்கிறது. அவள் போனபிறகு என் மேசைக்கு மேலே விளக்கு ஆடிக்கொண்டிருந்ததையும் நான் மட்டுந்தான் பார்த்தேன்.

நூரக்காவை அறிந்தவர்களே, அவருடைய சேலைகளையும் சட்டிபானைகளையும் நீங்கள் பிரித்தெடுத்துக்கொண்டீர்கள். நல்லது. எனக்கு அவர் விட்டுப்போனது, நான் ஒருநாளும் போயிராத ஊரில் என்னை எதிர்பார்த்து நிற்கும் ஒரு வீடு. மார்கழி விடுமுறைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். பஸ்ஸில் போய், மோட்டார் சைக்கிளில் தொற்றி, ஆற்றைக் கடந்து, ஏணியால் ஏறி அந்தத் தூணைத் தொடுவேன். திரும்பும்போது என்ன சொல்லவேண்டும் என்பதை நூரக்கா எனக்குப் படிப்பித்திருக்கிறார். இங்கிருந்து கிளம்பும்போது என் வீட்டுத் தூணிடம் என்ன சொல்வது என்பதுதான் இன்னும் எனக்குத் தெரியவில்லை.