துணி எவ்வளவு ஆச்சு?

இன்று காலை காபி டம்ளரோடு ஒரு துணி மூட்டையையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள் அக்கா. "முடிஞ்சிருச்சுடா" என்றாள், அடுப்பில் பால் பொங்கியதைச் சொல்கிற குரலில். பிரித்தேன். அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. கட்டில் விரிப்பு அளவுக்கு ஈரிழைத் துணி. அதில் விளிம்புக்கு விளிம்பு கறுப்பு நூல் வேலைப்பாடு. இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் ஒழுங்காக முன்னேறிய ஒரே விஷயம் அதுதான். நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். என்னைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சரிடம் அக்கா கற்றது அது. வெள்ளைத் துணியில் இழையை எண்ணி எண்ணிக் கறுப்பு நூலால் மட்டும் போட வேண்டும். கட்டம் கட்டமாக, கட்டத்துக்கு ஒரு மாதிரி. ஊசி போகும்போது ஓர் இடம் தைத்து ஓர் இடம் விடும். திரும்பி வரும்போது விட்டதை நிரப்பும். சரியாகப் போட்டால் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியாது. ஈரிழையில் இழை எண்ணுவது சுலபம் என்று அக்கா அதை எடுத்தாள். நெடுக்கிலும் குறுக்கிலும் இழை ஒரே நெருக்கம் இல்லை என்பது தைக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. திருவாரூர்க் கோயிலின் கமலாலயக் குளத்தைச் சதுரமாகப் போட ஆரம்பித்தாள். அது நீண்டுகொண்டே போய் வாய்க்கால் ஆகிவிட்டது.

"இதுல முறை வச்சுத் தண்ணி விடுவாங்களா?" என்று கேட்டேன்.

"விடுவாங்க. உன் மண்டைக்கு மட்டும் ஏறாது. மேட்டு நிலம்" என்றாள்.

அக்கா மூல நட்சத்திரம். மூலத்துப் பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு. பெண் பார்க்க வந்த மாமனார்கள் எல்லாருமே உயிர்மேல் பிரியம் உள்ளவர்கள். கேசரியை வழித்துச் சாப்பிடுவார்கள், பஜ்ஜிக்குக் கூடுதல் சட்னி கேட்பார்கள், நட்சத்திரத்தைக் கேட்டதும் லேசாக இருமுவார்கள். அந்த இருமலைக் கேட்டதும் நான் செருப்பை எடுத்து வைக்கப் போய்விடுவேன். அவர்கள் போன மறுநாள் அக்கா புதுக் கட்டம் ஒன்று தொடங்குவாள். அழுது பார்த்ததில்லை. ஊசியில் நூல் கோத்துத்தான் பார்த்திருக்கிறேன்.

நூல் வாங்கி வருவது என் வேலை. அப்போது திருவாரூரில் ஓர் உரக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். உடம்பெல்லாம் பொட்டாஷ் வாடை; பேருந்தில் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருக்கும், அந்த வசதி இருந்தது. சரக்கு விஷயமாகக் கும்பகோணம் போகும்போதெல்லாம் பெரிய கடைத்தெருவில் கறுப்பு நூல்கண்டு வாங்கி வருவேன். என் கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிற சாமானை நானே பேரம் பேசி வாங்கினேன். இந்தப் பெருமை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஆமாம், எனக்கும் ஒரு கல்யாண யோசனை இருந்தது. அதே கடையில் பில் போட்டவள் தமிழரசி. சொல்லிக்கொண்டது எதுவும் இல்லை, ஆனால் இருவருக்கும் தெரியும். மூத்தவள் வீட்டில் இருக்கும்போது இளையவன் மாலை மாற்றுவதாவது? அம்மா அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டாள். "எனக்காக நீ நிக்காதடா" என்று அக்கா சொன்னபோது, "நீ சும்மா இரு, ஊரு சிரிக்கும்" என்று அடுக்களையிலிருந்து அம்மா குரல் வந்தது. அதனால் தமிழரசி காலையில் வந்ததும் உர மூட்டை இருப்பைப் பார்ப்பதற்கு முன்னால் என்னிடம் கேட்பாள்: "துணி எவ்வளவு ஆச்சுங்க?"

கட்டம் கூடினால் காத்திருப்பும் கூடும் என்று அர்த்தம். "வளந்துகிட்டே போவுதுங்க" என்பேன். "நல்லா வளரட்டும். போத்திக்கலாம்" என்பாள்.

கடைசியில் அம்மாவுக்கு ஒரு யோசனை உதித்தது. தரகரைக் கூப்பிட்டு, "தகப்பன் இல்லாத பையனாப் பாருங்க" என்றாள். தரகர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். ஆனாலும் கெட்டிக்காரர். மன்னார்குடிப் பக்கம் ஒரு வரன் கொண்டுவந்தார். பையன் மின்வாரியத்தில் வேலை, கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா தவறிவிட்டார், வளர்த்தது பெரியப்பா. பெண் பார்க்க வந்த பையன் துணியை விரித்துப் பார்த்து, "குளம் நல்லா இருக்குங்க" என்றான். அதைக் குளம் என்று கண்டுபிடித்த ஒரே மனிதன். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அன்றிலிருந்து ஊசி நின்றது.

"நின்னுருச்சுங்க" என்று தமிழரசியிடம் சொன்னேன். அன்று கடையில் எல்லாருக்கும் மிக்சர் வாங்கிக் கொடுத்தாள். என்ன விசேஷம் என்று முதலாளி கேட்டதற்கு, மழை வரும்போல இருக்கிறது என்றாள். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

தேதி குறிக்கப் பெரியப்பா வந்தார். அம்மாவுக்கு மரியாதை தாங்கவில்லை. தாம்பூலத் தட்டை இரண்டு கையாலும் நீட்டி, "அப்பா இல்லாத குறையே தெரியாம வளத்திருக்கீங்க. தகப்பன் ஸ்தானத்துல இருந்து நீங்கதான் நடத்தி வைக்கணும்" என்றாள்.

தட்டை நோக்கி வந்த கை பாதியில் நின்றது. அவர் அதுவரை தன்னைப் பெரியப்பா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "தகப்பன் ஸ்தானமா..." என்று ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு இருமினார்.

நான் செருப்பை எடுத்து வைக்கப் போனேன்.

மறுநாள் அக்கா குளத்துக்குப் பக்கத்துக் கட்டத்தைத் தொடங்கினாள். "மறுபடி ஆரம்பிச்சிருச்சுங்க" என்று சொன்னபோது தமிழரசி நிமிர்ந்து பார்க்கவில்லை. பில் புத்தகத்தில் கார்பன் தாளைத் தலைகீழாக வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்; நானும் சொல்லவில்லை. தை பிறந்ததும் பட்டுக்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். கல்யாணத்துக்குப் போனேன், சுவர்க் கடிகாரம் கொடுத்தேன், பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் வாங்கினேன். வயிறு என்ன பாவம் செய்தது?

அம்மா போனாள். தரகர் போனார். அக்காவின் கட்டங்கள் மட்டும் வரிசை தவறாமல் வந்துகொண்டிருந்தன. உரக்கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு கல்யாண மண்டபம். அது எனக்காகவே கட்டியது மாதிரி இருப்பதால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

துணியைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் அப்படியே. விட்ட இடம் எல்லாம் நிரம்பியிருந்தது. இன்னொரு கட்டத்துக்கு இடமே இல்லை.

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கு இருமுனவங்க எல்லாம் இந்நேரம் போய்ச் சேந்திருப்பாங்கடா. இனிமே தடை ஒண்ணும் இல்ல."

நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். காபி ஆறி ஆடை கட்டியிருந்தது. துணியை அதன் பழைய மடிப்பிலேயே மடித்தேன். முடிந்துவிட்டது என்று ஓர் ஆளிடம் சொல்ல வேண்டும். அந்த ஆள் பட்டுக்கோட்டையிலிருந்து எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது.