கண்ணாடிப் பெட்டிக்குள் தங்கையின் சட்டை

கோமலாப்பா ஊர்ச் சந்தையில் சோள ரொட்டி விற்கும் எலுதேரியா, தலைநகருக்கு வந்த இடத்தில் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தாள். ‘பழங்குடிக் கல்யாண உடுப்பு’ என்று எழுதியிருந்த கண்ணாடிப் பெட்டியின் முன் வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே இருந்த சட்டையில், சிவப்பு நூல் தீர்ந்துபோய், ஒரு பறவையின் இறக்கையைப் பச்சையில் பின்னி முடித்தவள் அவள்தான்.

“கல்யாண உடுப்பாய்யா இது? என் தங்கச்சிக்குப் போட்டுப் புதைச்சதுய்யா!” என்று காவலாளியிடம் அலறினாள்.

“இதே மாதிரி எத்தனையோ இருக்கும்மா.”

“என் கைவேலை எனக்குத் தெரியாதா? குழியத் தோண்டின பாவி யாரு?”

அதிகாரி ஓடிவந்தார். வியாபாரி ஒருவனிடம் வாங்கியதாகச் சொன்னவர், அவள் காட்டிய பச்சை இறக்கையைப் பார்த்துவிட்டு, பெட்டியைத் திறந்து சட்டையை அவளிடம் கொடுத்தார்.

மறுவாரம் ஊரார் முன்னிலையில் கல்லறையைத் திறந்தார்கள். வெறும் எலும்புதான் கிடந்தது. எலுதேரியா குழிக்குள் இறங்கி, மீட்டுவந்த சட்டையைத் தங்கைமேல் போர்த்தினாள்.